ஊசி மூடி என்ன கலர்?

டொராண்டோ,
ஜனவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான் எழுதி நாலு மாசம் ஆச்சு. உன் கடிதத்தை நேத்து பிரிக்கும்போது கை கூசுச்சு. இங்க எல்லாரும் சௌக்கியம்னு எழுத நான் ஒருத்தன்தான் இருக்கேன். சௌக்கியம்.

குளிரைக் கேட்டிருந்த. இன்னைக்கு மைனஸ் 19. ஏற்காட்டுக்கு மார்கழியில மப்ளர் கட்டிக்கிட்டுப் போய் நடுங்கினோமே, இப்ப நெனச்சா சிரிப்பு வருது. வாசல் பனியை நான்தான் அள்ளிப் போடறேன். வாடகையில கொஞ்சம் கழிச்சுக்கறாங்க. அதுக்காக இல்ல, உடம்புக்கு நல்லது.

வீட்டுக்காரம்மா இத்தாலிக்காரங்க, 81 வயசு. ஐப்பசியில தோட்டத்து அத்திமரத்தோட வேரை ஒரு பக்கம் வெட்டி, மரத்தைச் சாய்ச்சுப் படுக்க வெச்சு, மண்ணைப் போட்டு மூடிட்டாங்க. மரம் செத்துப்போச்சுன்னு நான் துக்கம் விசாரிச்சேன். குளிர் போனதும் தோண்டி நிமித்துவாங்களாம்!

அவங்களுக்கும் சுகர். கை நடுங்குதுன்னு காலைல ஏழு மணிக்கு நான் கூட நிக்கறேன். பேனா மாதிரி இருக்கற இன்சுலின் ஊசி. குத்தி அமுக்கினதும் உடனே உருவ மாட்டாங்க, இத்தாலியன்ல பத்து எண்ணுவாங்க. நானும் கூட எண்ணுவேன். சில நாள் ராத்திரி வரைக்கும் நான் வாய் திறந்து பேசறது அந்தப் பத்துதான். சரி, அதை விடு.

ராத்திரி அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டி, உளறினாங்கன்னு எழுதியிருந்த. டோஸ் அதேதான், இன்சுலின் பாட்டில் மட்டும் புதுசுன்னும் எழுதியிருந்த. எனக்கு அங்கதான் உதறுச்சு, மருந்து கூடிப்போய் சுகர் இறங்கியிருக்குமோன்னு. நேத்தே போன் பண்ணேன், மச்சான் எடுத்து எல்லாம் சரியா இருக்குன்னு வெச்சுட்டார். அதான் இதைப் போட்டோ எடுத்து இன்னைக்கே அனுப்பறேன், தபால் மெதுவா வரட்டும்.

அடுத்த ஊசிக்கு முன்னாடி பாட்டில்ல 40னு இருக்கா, 100னு இருக்கான்னு பாரு. ஒரு மில்லியில எத்தனை யூனிட் மருந்துங்கற கணக்கு அது. நம்ம ஊர்ல ரெண்டும் விக்குது. 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சுல 10ங்கற கோடு வரை இழுத்தா உள்ள போறது 25 யூனிட். ரெண்டரை மடங்கு! மூடியை நம்பாத, சிரிஞ்சு மேல அச்சடிச்சதைப் படி. சேரலைன்னா போடாம ரெண்டையும் டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடு.

மறுபடி அப்படி வேர்த்தா, நினைவு இருந்தா மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சுக் குடு, 15 நிமிஷம் கழிச்சு சுகர் பாரு. 70க்குக் கீழ இருந்தா மறுபடி குடு. நினைவு இல்லைன்னா வாயில எதையும் ஊத்தாத, ஆஸ்பத்திரிதான்.

வலிக்கலைன்னு அம்மா ஒரே இடத்தைக் காட்டறாங்களாமே. அங்க கட்டி மாதிரி தடிச்சிருக்கும், மருந்து சரியா ஏறாது. தொப்புளைச் சுத்தி ரெண்டு அங்குலம் விட்டு, தினமும் இடம் மாத்து. கலங்கல் மருந்துன்னா குலுக்காம உள்ளங்கையில உருட்டு. ஃப்ரீசர்ல வெக்காத. போட்ட ஊசியைக் குப்பையில வீசாத, குப்பை அள்ள வர்றவங்க கையில குத்தும். கெட்டி பிளாஸ்டிக் டப்பாவுல போடு.

இந்த ஊர்லதான் பான்டிங்கும் பெஸ்ட்டும் 1921ல இன்சுலினைப் பிரிச்செடுத்தாங்க. 1922 ஜனவரியில 14 வயசுப் பையனுக்கு முதல் ஊசி. அதோட காப்புரிமையை இங்க இருக்கற பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் குடுத்துட்டாங்களாம். எனக்கு இங்க ஒரு டாலருக்கு டீ கூடக் கிடைக்கல.

கடையில பீட்ரூட்டைப் பாத்ததும் நம்ம சேலத்துத் தட்டுவடை செட்டு ஞாபகம் வந்து அப்படியே நின்னுட்டேன். அம்மாப்பேட்டை தெருவுல தறிச்சத்தம் இல்லாம எனக்குத் தூக்கமே வர்றதில்ல, தெரியுமா?

பணம் இந்த மாசம் பத்து நாள் தள்ளி வரும். பேங்க்ல ஏதோ பிரச்சனை.

சித்தப்பா பாகப்பிரிவினைப் பத்திரத்துல அம்மாகிட்ட கையெழுத்து கேட்டாராமே? பின்கட்டுத் தறிக்கூடம் யாருக்குன்னு தெளிவா எழுதாம அம்மா பேனாவைத் தொடவே கூடாது. நகல் ஒண்ணு எனக்கு அனுப்பச் சொல்லு. ஆடிக்கு கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வரப் பாக்கறேன், அப்ப பேசிக்கலாம்.

மொதல்ல அந்தப் பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு போட்டோ எடுத்து அனுப்பு.

உன் தம்பி