பழைய பிக்கப் வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு

வணக்கம்.

நம் பட்டறையைப் பற்றிக் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு சுற்றுகிறது. என் காதுக்கும் வந்தது. "ஒரே நாளில் தருகிறேன் என்று வாங்கிய வண்டியை நாலு நாள் போட்டு வைத்தார்கள். நன்றாக இருந்த போல்ட்டை கிரைண்டரால் அறுத்துவிட்டு, புது லோயர் ஆர்மைத் தலையில் கட்டினார்கள்" என்கிறார்கள். நாலு நாள் ஆனது உண்மை, அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அறுத்ததும் உண்மைதான். ஆனால் 'நன்றாக இருந்த போல்ட்டு' என்கிறார்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தைச் சேசிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, இணைக்கும் கீழ்க் கை. அது சேசிஸோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். அதன் நடுவில் ஓர் இரும்புக் குழாய், அதற்குள்தான் போல்ட்டு போகும். இரண்டுக்கும் நடுவே இடைவெளி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. வருஷக்கணக்காகச் சேறும் தண்ணீரும் அதற்குள் இறங்கினால் துரு பிடிக்கும். இரும்பு இருந்ததைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். அதனால் அது உள்ளேயே உப்பி, போல்ட்டையும் குழாயையும் ஒரே துண்டாக்கிவிடும். நட்டு மட்டும் சமர்த்தாகக் கழன்று வரும். போல்ட்டுத் தலையில் ஸ்பேனரைப் போட்டால் அதுவும் கொஞ்சம் திரும்பும். ஸ்பேனரை விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நிற்கும், ஏனென்றால் முறுக்கிக்கொள்வது ரப்பர். பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கு "சுற்றுகிறதே, தட்டி எடுத்தால் வராதா?" என்றுதான் தோன்றும். தட்டினோம். அடியை ரப்பர் வாங்கிக்கொண்டது, மரை முனைதான் காளான் மாதிரி விரிந்தது.

இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்தோம், அசையவில்லை. அப்புறம் கேஸ் வைத்துச் சூடுபடுத்தினோம், புஷ் கருகிப் புகைந்ததுதான் மிச்சம். பக்கத்திலேயே பிரேக் ஹோஸ் போகிறது, அதற்கு மேல் தீ காட்ட எனக்குத் தைரியம் இல்லை. கடைசியில்தான் ஆர்மைச் சேசிஸில் பிடித்திருக்கும் பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இரண்டு பக்கமும் அறுத்தோம். புஷ்ஷை மட்டும் மாற்றிவிடலாம் என்றுதான் ஆர்மை வெளியே எடுத்தோம். பார்த்தால் புஷ் உட்காரும் வளையமான அதன் கண் துருவில் மெலிந்து, ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. அதை மறுபடி மாட்டி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

ஆர்மின் மறுமுனையில், சக்கரப் பக்கம் இருக்கும் பந்து மூட்டான பால் ஜாயிண்ட்டில் இவ்வளவு பாடு இல்லை. நட்டு கழலாமல் பிடிக்கும் ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, நட்டைச் சில மரை மட்டும் தளர்த்திவிட்டு, அந்த மூட்டு சேரும் சக்கரப் பக்கத்து இரும்பான நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் நாலு போடு போட்டால் பெரும்பாலும் 'டப்'பென்று விட்டுவிடும். நட்டை முழுசாகக் கழற்றிவிட்டுத் தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங் விடுபட்டால், எதிரில் யார் என்று பார்க்காமல் பாயும். சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் முறுகும் கம்பியான டார்ஷன் பார் உள்ள வண்டியில் அந்தக் கம்பி சிக்கினாலும் தீயே காட்ட மாட்டோம், பதம் போய்விடும். அங்கே எண்ணெயும் பொறுமையும்தான்.

நம் மூத்த மெக்கானிக் இப்போது சொந்தமாகத் தொழில் செய்யப் போயிருக்கிறார். நல்லபடியாகத்தான் அனுப்பி வைத்தோம். சுத்தியல் சத்தத்தை வைத்தே 'வரும், வராது' என்று சொல்லிவிடுகிற ஆள் அவர். இப்போது நானும் இரண்டு பையன்களும்தான். அதனால் இந்த மாதிரி வேலைகளுக்கு இனி மொத்தமாக ஒரு தொகை சொல்லாமல், ஆகிற மணிக்கணக்குக்குக் கூலி வாங்குகிறோம். வீல் அலைன்மெண்ட் தனி.

இத்தனை பேச்சுக்குப் பிறகும் வண்டியை நம்மிடமே விடுகிறவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒருவர் வேலைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தினமும் சாயங்காலம் தானே எண்ணெய் அடித்துவிட்டுக் கொண்டுவந்தார், பாதி நாள் வேலை மிச்சம். நீங்களும் செய்யலாம், பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் போல்ட்டு போடும்போது அதன் உடம்பில் கிரீஸ் தடவித்தான் போடுகிறோம். வண்டியை இறக்கி, எடை டயரில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு. தூக்கி நிறுத்தியபடியே இறுக்கினால் புது ரப்பரும் சீக்கிரம் கிழியும்.

அறுத்த போல்ட்டு மூன்று துண்டாக என் மேஜை மேல்தான் இருக்கிறது. நடுத்துண்டில் அந்தக் குழாய் இன்னும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் வந்து கையில் எடுத்துப் பார்க்கலாம். தட்டிக் கழற்றிக் காட்டினாலும் சரி, சுத்தியல் நான் தருகிறேன்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்