கைரேகை அலுவலகத்தில் பார்த்த அக்காவுக்கு

போன மாதம் துபாயில் கைரேகை எடுக்கும் அலுவலகத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு இந்த நன்றி. பெயர் கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

நான் நர்ஸ். இங்கே வருமுன் ஹூஸ்டனில் 3 ஆண்டு வேலை பார்த்தேன். கனடா பிஆருக்கு (நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு) விண்ணப்பிக்க அழைப்பு வந்தால் 60 நாளில் எல்லா ஆவணமும் போட வேண்டும். அமெரிக்காவில் குற்றப் பதிவு இல்லை என்பதற்கு எஃப்பிஐ (அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை) சான்று வேண்டும். கட்டணம் 18 டாலர்தான். ஆனால் பத்து விரல் ரேகையும் தெளிவாக விழ வேண்டுமே! நாள் முழுக்கச் சானிடைசர் போட்டுத் தேய்ந்த விரல்கள் என்னுடையவை. முதலில் எஃப்பிஐக்கு அனுப்பிய கைரேகை அட்டை, ரேகை தெளிவில்லை என்று திரும்பிவிட்டது. பாதி நாட்கள் போய்விட்டன. அழுதுகொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

"தங்கச்சி, கையைக் காட்டுங்கோ" என்றார், யாழ்ப்பாணத் தமிழில். பார்த்துவிட்டு, "இண்டைக்கு எடுக்க வேண்டாம், ஒரு கிழமை பொறுங்கோ" என்றார்; ஒரு வாரம் என்று அர்த்தம். தினமும் விரல்களுக்குக் கிரீம், பாத்திரம் கழுவும்போது கையுறை. எடுக்கும் நாளில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். அப்புறம் கையை இறுக்காமல், எடுப்பவர் உருட்டுகிறபடி விட்டுவிட வேண்டும்; நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருள வேண்டும். ஒன்றுக்கு மூன்று அட்டையாக எடுத்து அனுப்பச் சொன்னார். தன் டோக்கன் எண்ணைக் கூப்பிட்ட பிறகும் எனக்குச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

நேற்று பதில் வந்தது. கைதுப் பதிவு எதுவும் இல்லை. கெடுவுக்கு இன்னும் 9 நாள் இருக்கிறது. அக்கா, இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு வரி எழுதுங்கள்.