பத்துப் பேர் இல்லாத கடையும் பணியிடம்தான்

ஆசிரியருக்கு, வணக்கம்.

பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை மொத்த விற்பனைக் கடை ஒன்றில் 19 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். முதலாளியையும் சேர்த்து இப்போது ஆறு பேர். போன தை மாதம் வரை இன்னொரு பெண்ணும் இருந்தாள். அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கடைக்கு மேலே குடோன். ஏறிப் போக ஓர் இரும்புப் படிக்கட்டு. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கூரை வரை அடுக்கிய அட்டைக் கட்டுகள். ஒருவர் இறங்கும்வரை அடுத்தவர் கீழே காத்திருக்க வேண்டும், அவ்வளவு குறுகல். சாம்பிள் கார்டு எடுத்து வர அவளைத்தான் மேலே அனுப்புவார்கள். 22 வயது, திருவொற்றியூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் மேலே போனதும், கடையை மேற்பார்வை பார்ப்பவர், முதலாளிக்குச் சொந்தக்காரர், பாதிப் படியில் போய் நின்றுகொள்வார். அவள் இறங்கும்போது நகர மாட்டார். "இடம் இருக்கே, போம்மா" என்பார். உரசாமல் அந்த இடத்தைக் கடக்கவே முடியாது. ஆரம்பத்தில் ஆல்பத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கியவள், சில வாரத்தில் இரண்டு கையாலும் மார்போடு இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினாள். என் மேசையிலிருந்து அந்தப் படிக்கட்டு நேராகத் தெரியும். எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஒருநாள் என்னிடம் வந்து, "அக்கா, மேல வரைக்கும் கூட வர்றீங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு 20-ம் தேதி, ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாள். "நீ போய்ட்டு வாம்மா, கண்டுக்காத" என்று சொல்லிவிட்டு பில் கட்டைப் புரட்டினேன். கூடப் போக ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா? பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. பாக்கிச் சம்பளம் வாங்கக்கூட வரவில்லை. அவள் பெயருக்கு நேரே 12 நாள் சம்பளம் பாக்கி என்று என் கையால்தான் எழுதினேன். "இந்தக் காலத்துப் பொண்ணுங்க ஒரு இடத்துல நிக்கறதில்ல" என்று கடையில் பேசிக்கொண்டார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

என் தங்கை மகள் ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். ஆடி மாதம் வீட்டுக்கு வந்தபோது லேப்டாப்பில் ஏதோ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். "போஷ் பயிற்சி, பெரியம்மா. வருஷா வருஷம் எழுதணும்" என்றாள். வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் வருடத்துச் சட்டத்தைத்தான் போஷ் என்கிறார்கள். அவள் சொல்லித்தான் அதைப் பற்றி முழுதாகத் தெரிந்துகொண்டேன். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன கிராமப் பணியாளர் பன்வாரி தேவிக்கு நேர்ந்த கொடுமையை ஒட்டித் தொடரப்பட்ட வழக்கில் 1997-ல் உச்ச நீதிமன்றம் தந்த விசாகா நெறிமுறைகள்தான் அதற்கு அடிப்படையாம்.

"இதெல்லாம் உங்களை மாதிரி பெரிய ஆபீசுக்கு" என்றேன். அப்படி இல்லை என்றாள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவான இடங்களுக்கு, மாவட்ட அளவில் அரசே அமைக்கும் உள்ளூர்ப் புகார்க் குழு. முதலாளி மீதே புகார் என்றாலும் அங்கேதான் போக வேண்டும். வீட்டு வேலை செய்யும் பெண்களும் அந்தக் குழுவிடம் போகலாம். 2024 டிசம்பரில்கூட இந்தக் குழுக்களை அமைத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குக் கெடு வைத்தது.

அப்புறம் அவள் சொன்னதுதான் என்னை உலுக்கியது. கடைசிச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் எழுதித் தர வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை தரலாம். நான் கணக்கு எழுதுகிறவள், உட்கார்ந்த இடத்திலேயே எண்ணிப் பார்த்தேன். ஆறு மாதமும் தாண்டி பத்து நாள் ஆகியிருந்தது. பாதிக்கப்பட்ட பெண்ணால் புகார் தர முடியாத நிலை என்றால், அவளுடைய எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு, விவரம் தெரிந்த வேறொருவர் தரவும் விதி இருக்கிறதாம். எல்லாம் பார்த்தவள் நான் ஒருத்தி இருந்தேனே!

அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். போலீசுக்குப் போகும் வழி இன்னும் இருக்கிறது என்று சொன்னேன். "வீட்ல தெரிஞ்சா வேலைக்கே அனுப்ப மாட்டாங்க, விடுங்கக்கா" என்றாள். அவளை மேற்கொண்டு வற்புறுத்த எனக்கு என்ன உரிமை?

ராஜாஜி சாலையில் இருக்கும் சென்னை ஆட்சியர் அலுவலகத்துக்கு எங்கள் தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். அந்த வாசலை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். சின்னக் கடைப் பெண்களுக்கான ஒரு குழு மாவட்ட நிர்வாகத்தின் கீழ் இருக்க வேண்டும் என்பதே தெரியாமல் இத்தனை வருடம் போயிருக்கிறது. எங்கள் கடைச் சுவரில் ஜிஎஸ்டி சான்றிதழ் தொங்குகிறது, மாநகராட்சித் தொழில் உரிமம் தொங்குகிறது. இரண்டுக்கும் பிரேம் போட்டது நான்தான். பாலியல் துன்புறுத்தலுக்கு என்ன தண்டனை என்பதைக் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைப்பதும் வேலை தருபவரின் கடமை என்று அதே சட்டம் சொல்கிறது. மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஆண்டர்சன் தெருவில் நான் போய்வரும் எந்தக் கடையிலும் அப்படி ஒரு தாளைப் பார்த்ததில்லை.

கடையில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழகத்தில் சட்டத் திருத்தம் வந்தபோது எங்கள் பக்கம் சில கடைகளில் ஸ்டூல் வந்தது. அதிகாரி வந்து கேட்பார் என்ற பயம்தான் காரணம். அந்தப் பயம் இதற்கும் வரட்டும். ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறையினர் எடைக்கல் முத்திரையைப் பார்ப்பதுபோல இந்த அறிவிப்பையும் பார்க்கட்டும். உள்ளூர்ப் புகார்க் குழுவின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தமிழில் அச்சிட்டு, தொழில் உரிமம் புதுப்பிக்கும்போதே மாநகராட்சி கடைக்காரர் கையில் தரட்டும். சவுகார்பேட்டை, ரங்கநாதன் தெரு, புரசைவாக்கம் என்று எங்களைப் போன்ற எத்தனை பெண்கள் இருக்கிறோம்!

எங்கள் கடைக்கு அடுத்த வாரம் பில் போட ஒரு பெண் புதிதாக வருகிறாள். முதலாளியிடம் பேசினேன். படிக்கட்டை ஒட்டியிருந்த அட்டைக் கட்டுகளை எடுத்தாயிற்று. சாம்பிள் எடுக்க இனி பையன்கள்தான் மேலே போவார்கள். அந்த ஆள் இன்னும் வேலையில்தான் இருக்கிறார். அறிவிப்பு ஒட்டலாமா என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார் முதலாளி. திங்கட்கிழமை மறுபடி கேட்பேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.