சுவரில் கட்டப்படும் புரதங்கள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. நான் நலம், பதில் தாமதமானதற்கு நீ கேட்டிருந்த கேள்விதான் காரணம். பாக்டீரியா தன் புரதங்களைச் செல்லுக்குள்ளே தயாரிக்கிறது; அவை நிற்க வேண்டிய சுவரோ சவ்வுக்கு வெளியே இருக்கிறது; அங்கே ஆற்றல் தரும் ஏடிபி கிடையாது. அப்படியானால் அவற்றைச் சுவரோடு பிணைப்பது யார், எந்த ஆற்றலைக் கொண்டு என்று கேட்டிருந்தாய். பாடம் நடத்திய நாட்களில் இதைக் கால் மணி நேரத்தில் கடந்து போனவன் நான். ஓய்வு பெற்ற பிறகுதான் பழைய ஆய்வுக் கட்டுரைகளை நிதானமாகப் படிக்க முடிந்தது.

ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியாவின் 'புரதம் ஏ'யை எடுத்துக்கொள்வோம். நம் எதிர்ப்புப் புரதங்களை வால்பக்கமாகப் பற்றி அவற்றைச் செயலிழக்க வைப்பது இதுதான். இதன் முன்முனையில் உள்ள சமிக்ஞைத் துண்டு சவ்வைக் கடக்க வழி செய்கிறது. கடைமுனையில் லூசின், புரோலின், ஏதேனும் ஓர் அமினோ அமிலம், திரியோனின், கிளைசின் என்ற ஐந்தெழுத்து அடையாளமும், அதை அடுத்து நீரை வெறுக்கும் ஒரு நீளமான பகுதியும், நேர்மின்னேற்றம் கொண்ட சிறு வாலும் இருக்கின்றன. கடைசி இரண்டும் சேர்ந்து, புரதம் முழுவதுமாக வெளியே நழுவிப் போகாதபடி அதைச் சவ்விலேயே நிறுத்தி வைக்கின்றன.

அப்படி நிற்கும் புரதத்தைப் பிடிப்பது சார்டேஸ் ஏ என்ற நொதி. அது திரியோனினுக்கும் கிளைசினுக்கும் இடையே வெட்டுகிறது. ஆனால் வெட்டிய புரதத்தைக் கைவிடுவதில்லை; தன்னிடமுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணுவோடு திரியோனினைத் தயோஎஸ்டர் பிணைப்பால் கட்டிக்கொள்கிறது. உன் கேள்விக்கு விடை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அறுந்த பெப்டைடு பிணைப்பின் ஆற்றல் வீணாகாமல் இந்தப் புதிய பிணைப்பில் தங்கிவிடுவதால், அடுத்த பிணைப்பை உண்டாக்க வெளியிலிருந்து எதுவும் தேவைப்படுவதில்லை. பின்னர் சுவர் கட்டுவதற்கான மூலப்பொருளான லிப்பிட் 2 மூலக்கூறில் தொங்கும் ஐந்து கிளைசின்களின் முனை வந்து திரியோனினைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள, நொதி விடுபடுகிறது. அந்த மூலப்பொருள் சுவரில் பதிக்கப்படும்போது புரதமும் கூடவே பதிந்துவிடுகிறது. ஆக, கட்டி முடித்த சுவரில் ஆணி அடிக்கும் வேலை இல்லை இது. செங்கல்லிலேயே கொக்கியை மாட்டிவிட்டுப் பிறகு சுவர் எழுப்புவது. சுவரின் குறுக்கிணைப்புகளை உண்டாக்கும் நொதிகளும், அதாவது பென்சிலின் தாக்கும் அதே நொதிகளும், ஒரு பிணைப்பை அறுத்து அதன் ஆற்றலிலேயே மற்றொன்றைக் கட்டுகின்றன என்பதை நீ மறந்திருக்க மாட்டாய்.

இது கண்டறியப்பட்ட வரிசையும் எனக்குப் பிடித்திருக்கிறது. நுண்ணுயிரியலாளர் ஓலஃப் ஷ்னீவிண்டும் உடன் உழைத்தவர்களும் கடைமுனை அடையாளத்தின் பங்கை 1992இல் காட்டினார்கள். திரியோனின் கிளைசினோடு இணைந்திருப்பதை 1995இல் நிறுவினார்கள். நொதியின் மரபணு 1999இல்தான் அகப்பட்டது. முடிச்சு முதலில், அதை முடிந்த கை பிறகு! தயோஎஸ்டர் பிணைப்பை அறுக்கும் ஹைட்ராக்சிலமைன் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தபோது புரதங்கள் சுவரில் சேராமல் வளர்ப்பு ஊடகத்தில் கலந்தன என்பது, இடையில் ஒரு தயோஎஸ்டர் இருந்ததற்கு நல்ல சான்று.

மருந்து குறித்தும் கேட்டிருந்தாய். சார்டேஸ் ஏ இல்லாத பாக்டீரியா ஆய்வகத்தில் வழக்கம்போல வளர்கிறது, ஆனால் எலிகளில் நோயுண்டாக்கும் திறன் வெகுவாகக் குறைகிறது. கொல்லாமல் நிராயுதபாணியாக்கும் மருந்து என்ற ஆசை இதிலிருந்து பிறந்ததுதான். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான் உண்டு. ஏற்கெனவே முற்றிய தொற்றில் உயிரோடு மிஞ்சும் பாக்டீரியாவை உடல் தானே சமாளித்தாக வேண்டுமே.

உன் கேள்வியில் ஒரு பகுதி இன்னும் மிச்சமிருக்கிறது. எல்லாப் புரதங்களும் சுவரில் ஒரே இடத்தில் சேர்வதில்லை. முன்முனைச் சமிக்ஞைத் துண்டில் ஒரு குறிப்பிட்ட சிறு தொடர் இருந்தால், அந்தப் புரதம் செல் இரண்டாகப் பிரியும் குறுக்குச் சுவரின் அருகே வெளியேறுகிறது. அது இல்லாதவை வேறிடங்களில் வெளியேறுகின்றன. வெளியேறியதும் வெட்டி எறியப்படும் துண்டு இடத்தைத் தீர்மானிப்பது எப்படி என்று நீயும் யோசித்து எழுது.

அன்புடன்,
உன் பழைய ஆய்வகத் தோழன்