மணிக்கட்டைப் பிடித்தால்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்ததிலிருந்து தங்கச்சிமடத்தில் விசைப்படகெல்லாம் கரையில்தான் கிடக்கிறது. 61 நாளுக்குள் சரிபண்ணிக் கொடுங்கள் என்று ஆளாளுக்கு இஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. இந்த வருடமும் ஓரியூர் கோயிலுக்கு நடந்துதான் போவேன் என்று அடம்பிடிக்கிறாள். வேறு விசேஷம் இல்லை.

சாயங்காலக் கராத்தே வகுப்பில் சின்னப்பாலத்துப் பெண்பிள்ளைகள் சிலர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். அதில் ஒருத்தி, ஹெயான் ஷோடான் கட்டா, அந்த அசைவு வரிசை, பாதி நடக்கும்போதே நின்றுவிட்டு, "மாஸ்டர், நெசமாவே ஒருத்தன் கையப் புடிச்சா இது ஒதவுமா?" என்று கேட்டாள். நீ இப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. உனக்குக் கால் தரையில் பதிகிற அழகும் பார்வை திரும்புகிற வேகமும் முக்கியம். நடுவர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. நீ வாங்கிய மெடலெல்லாம் இன்னும் ஷோகேஸில்தான் இருக்கிறது, வருகிறவர்களிடம் காட்டாமல் நான் விட்டதில்லை. ஆனாலும் கல்யாணத்துக்கு அப்புறம் நீ ஒரு நாள்கூடப் பழகவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவளுக்குச் சொன்னதை உனக்கும் எழுதுகிறேன். வலப்பக்கம் திரும்பி கெடான் பராய் என்று கையைக் கீழே வீசித் தடுத்ததும், அதே வலக்கை உடம்போடு ஒட்டி வட்டமாக மேலேறி, முஷ்டியின் அடிப்பக்கம் சுத்தியல் மாதிரி இறங்குமே, அந்த இடம். மணிக்கட்டை ஒருத்தன் பிடித்திருக்கிறான் என்று வைத்துக்கொண்டு செய்து பார். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் ஒரு பக்கம் நாலு விரல், இன்னொரு பக்கம் ஒற்றைக் கட்டைவிரல். கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேருகிற இடம்தான் பலவீனம். உன் மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கத்தை அந்த இடைவெளிக்கு நேராகத் திருப்பி, சுருக்கென்று இழு. முன்கால் பின்னால் வருவது அலங்காரத்துக்கு இல்லை, உடம்பின் எடை முழுவதும் அந்த இழுப்பில் சேரத்தான். அந்தப் பிள்ளை முதலில் தோளால் இழுத்தாள், அசையவில்லை. காலையும் சேர்த்து இழுத்ததும் பிடித்திருந்த பையனே முன்னால் தடுமாறி வந்தான். கை விடுபட்ட அதே வேகத்தில் மேலிருந்து அடி. மூக்கு, கழுத்துப்பட்டை எலும்பு, எது கிட்ட இருக்கிறதோ அது.

ரெண்டு கையாலும் பிடித்தால், உன் முஷ்டியை இன்னொரு கையால் பற்றிக்கொண்டு அதே பக்கம் இழு. தலைமுடியைப் பிடித்தால் இழுக்காதே. அவன் கையை உன் தலையோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு கிட்டே போ, முன்கையைத் தாடைக்குக் கீழே ஏற்று. அகே உகே என்று கையை நெற்றிக்கு மேலே நிறுத்தி அழகு காட்டினோமே, அதற்கு வேலை அங்கேதான். இடுப்புக்குப் போகிற கையும் சும்மா போவதில்லை, அவன் சட்டையையோ கையையோ பிடித்து இழுத்துக்கொண்டு போகிற கை அது. ரெண்டு கஜம் தள்ளி நின்று நேராகக் குத்த எவனும் வருவதில்லை. பிடிப்பான், தள்ளுவான், சுவரோரம் நெருக்குவான். பிடிக்கிறவன் முன்பின் தெரியாதவனாகத்தான் இருப்பான் என்று கட்டாவில் எங்கேயும் இல்லை.

பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திச் சொல்லித்தரவென்று ஒகினாவாவில் இடோசு என்கிற கராத்தே ஆசான் இந்தக் கட்டாக்களை உருவாக்கினார். கட்டாவில் உள்ள ஒவ்வொரு அசைவும் எதற்கென்று தெரிந்து பழக வேண்டும் என்று அதே இடோசுதான் 1908இல் ஒரு கடிதத்தில் எழுதியும் வைத்தார். நாம் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டோம். கராத்தேயில் முதல் அடி நம்முடையது இல்லை என்று அவரிடம் பழகிய ஃபுனாகோஷி சொன்னதை நீ வகுப்பில் சத்தம்போட்டுச் சொல்வாய், ஞாபகம் இருக்கிறதா? அதற்காக முகத்தில் அடி விழுகிறவரை காத்திருக்க வேண்டியதில்லை. மணிக்கட்டில் கை விழுந்தபோதே முதல் அடி அவனுடையதாகிவிட்டது.

ஈஸ்டருக்கு வந்திருந்தபோது, இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை எதற்கு என்று அம்மா கேட்டாள். ஏசி குளிர் என்றாய். நம் வீட்டில் ஏசி ஏது? சரி, அதை விடு.

வேலையில் உனக்குப் பதவி உயர்வு வந்ததை உன் அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சந்தோஷம். ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. அதை ஒரு வார்த்தை அப்பாவிடம் சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பாய்? போன் பண்ணினால் "ம்", "சரிப்பா", "அப்புறம் பேசறேன்". அந்த அப்புறம் வருவதே இல்லை.

திரும்பவும் சொல்கிறேன், கட்டைவிரல் பக்கம். பலத்தால் இல்லை, காலோடு சேர்த்து. வீட்டில் தனியாக இருக்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு பத்துத் தடவை செய். வாயைத் திறந்து கத்தவும் பழகு, போட்டியில் கத்தினாயே, அந்தச் சத்தம் எங்கே போயிற்று? கட்டாவில் கையை விடுவித்த அப்புறம் ஒரு எட்டு முன்னால் வைத்துக் குத்துவோம். நிஜத்தில் அந்த எட்டை வாசல் பக்கம் வைக்க வேண்டும். நின்று ஜெயிக்க வேண்டாம். ஓடுகிறவளுக்கு மார்க் குறைக்க அங்கே நடுவர் கிடையாது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை வகுப்புப் பெண்பிள்ளைகள் எல்லாரையும் மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறேன். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உனக்கும் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தாலும் சொல்கிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இல்லை, சொல்ல வேண்டாம். இந்தக் கடிதத்தை அதனால்தான் உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். வாட்ஸப்பில் அனுப்பினால் உன் போனை யார் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பாம்பன் புதுப்பாலம் திறந்ததிலிருந்து தாம்பரத்திலிருந்தே நம் ஊருக்கு நேர் வண்டி இருக்கிறது. இடம் கிடைக்காவிட்டால் மதுரை வந்து பஸ் ஏறு. வீட்டில் காரணம் சொல்ல வேண்டுமென்றால் அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் என்று சொல், அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன். டிக்கெட்டுக்கு உன் பழைய கணக்கில், கல்யாணத்துக்கு முன்னால் தொடங்கியதில், பணம் போட்டிருக்கிறேன். கடிதம் கிடைத்ததும் ஆபீஸ் போனிலிருந்து மத்தியானம் ஒரு மணிக்குக் கூப்பிடு. அந்நேரம் பட்டறையில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அப்பா