ஜப்பானின் ஐபிஎஸ் ஆய்வுகள்: எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானிய மருத்துவ ஆய்வாளர்களின் அண்மைக்காலப் பணிகளைத் தொகுத்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளியிட்டிருந்த கட்டுரையை வாசித்தேன். கியோட்டோவில் நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்), ஒசாகாவில் கருவிழி, டோக்கியோவில் தண்டுவடம் என, ஆய்வகத்தில் உருவாக்கிய ஐபிஎஸ் குருத்தணுக்களிலிருந்து (ஸ்டெம் செல்) வளர்த்த செல்களை நோயாளிகளுக்குப் பொருத்திய மூன்று ஆய்வுகளை ஒரே இடத்தில் தமிழில் தந்தது பாராட்டுக்குரியது. ஆனால் நடுக்குவாதம் இனிக் குணமாகிவிடும் என்று உறுதி கூறும் தலைப்பும், இந்தச் சிகிச்சை எத்தனை பேருக்குச் செய்து பார்க்கப்பட்டது என்பதைக் கட்டுரை எங்குமே சொல்லாததும், மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் உடலியங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் என்னை இக்கடிதம் எழுதத் தூண்டின. நடுக்குவாதம் கண்ட தந்தையையோ தாயையோ வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்கள் அந்தத் தலைப்பைப் படித்ததும் முதலில் கேட்பது, எங்கே போக வேண்டும், எவ்வளவு செலவாகும் என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விகளுக்கான கட்டத்தை ஆய்வு இன்னும் எட்டவில்லை.

2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வெளியான கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வில் அறுவைக்கு உட்பட்டவர்கள் ஏழு பேர். வயது 50 முதல் 69 வரை. நடுக்குவாதத்தில், நடுமூளையின் கருநிறப் பகுதியிலிருந்து மூளையின் உட்பகுதிக்கு, உடலசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கொண்டுசேர்க்கும் நரம்பு செல்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. பெரும்பகுதி அழிந்த பின்னரே கை நடுக்கமும் விறைப்பும் நடைத் தளர்ச்சியும் வெளியே தெரிகின்றன. லெவோடோபா மாத்திரை அந்தக் குறையைப் பல ஆண்டுகள் ஈடுகட்டும் என்றாலும், காலப்போக்கில் ஒவ்வொரு வேளை மருந்தின் பலனும் நீடிக்கும் நேரம் சுருங்கிக்கொண்டே போகும். அழிந்த செல்களுக்குப் பதிலாகப் புதிய செல்களையே வைத்துவிடலாம் என்பது ஜுன் தகஹாஷி தலைமையிலான குழுவின் அணுகுமுறை. நோயில்லாத கொடையாளர் ஒருவரின் ரத்த செல்களை, ஷின்யா யமனாகா 2006-இல் எலியிலும் 2007-இல் மனித செல்களிலும் காட்டிய வழியில் பின்னோக்கித் திருப்பி, எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய ஐபிஎஸ் செல்களாக்கி, அவற்றை டோபமைன் நரம்பு செல்லின் முன்னோடி நிலை வரை வளர்த்து, மூளையின் இரு பக்கங்களிலும் செலுத்தினார்கள். மூவருக்குப் பக்கத்துக்கு 20 லட்சத்துக்குச் சற்று மேலும், நால்வருக்கு 50 லட்சத்துக்குச் சற்று மேலும் செல்கள் வைக்கப்பட்டன.

இதில் தங்கள் கட்டுரை தொடாத ஒரு படி உண்டு. என் பார்வையில் ஆய்வின் உயிர்நாடியே அதுதான். வளர்ப்புக் கலத்தில் எல்லாச் செல்களும் நாம் விரும்பிய நிலையை அடைவதில்லை. முதிராமல் பெருகிக்கொண்டே இருக்கும் சில செல்கள் கலந்து உள்ளே போய்விட்டால் அவை மூளைக்குள் கட்டியாக வளரலாம். எனவே கோரின் என்ற புரதத்தை மேற்பரப்பில் தாங்கிய செல்களை மட்டும் எதிர்ப்பொருளின் துணையால் பிரித்தெடுத்து, எஞ்சியவற்றை விலக்குகிறார்கள். மனிதரிடம் செல்வதற்கு முன் குரங்குகளுக்கு இந்தச் செல்களை வைத்து, இரண்டு ஆண்டுகள் வரை கண்காணித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் நோயாளிக்கு அறுவை நடந்தது 2018 அக்டோபரில். மனித ஐபிஎஸ் செல் உருவாகி அப்போது பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

முடிவுகளுக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுக் கண்காணிப்பில் கடுமையான பாதகம் எதுவும் நேரவில்லை. லேசானவையும் மிதமானவையுமாக 73 நிகழ்வுகள் பதிவாயின. ஒட்டிய செல்கள் மிகையாக வளரவும் இல்லை. பலன் மதிப்பிடப்பட்ட ஆறு பேரில் நால்வருக்கு, மருந்தின் பலன் இல்லாத வேளையில் அளந்த இயக்கக் குறைபாட்டு மதிப்பெண் மேம்பட்டது. ஆறு பேரின் சராசரி மேம்பாடு 20.4 சதவீதம். மருந்து வேலை செய்யும் வேளையில் ஐவருக்கு மேம்பாடு, சராசரி 35.7 சதவீதம். நோய் நீங்கிவிட்டது என்று ஆய்வாளர்கள் எந்த வரியிலும் சொல்லவில்லை. பாதுகாப்பைச் சோதிப்பதே முதல் நோக்கம் என்றுதான் வடிவமைத்தார்கள், அந்த நோக்கத்தில் வெற்றியும் பெற்றார்கள்.

பலனைப் பொறுத்தவரை நிலைமை வேறு. இந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை. தமக்குப் புதிய செல்கள் வைக்கப்பட்டுள்ளன என்பது நோயாளிகள் அனைவருக்கும் தெரியும், மருத்துவர்களுக்கும் தெரியும். வேறு பல நோய்களில் இது சிறு குறையாக மட்டுமே இருந்துவிடலாம்; நடுக்குவாதத்தில் பெரிய குறை. சிகிச்சை கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையே இந்நோயாளிகளின் மூளையில் டோபமைனைச் சுரக்க வைக்கிறது என்பது 2001-இலேயே பெட் ஸ்கேன் மூலம் காட்டப்பட்ட ஒன்று. அதே ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான அமெரிக்க ஆய்வையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஐபிஎஸ் செல் பிறப்பதற்கு முந்தைய காலம் அது; கருவின் மூளைத் திசுவை நோயாளிகளுக்குப் பொருத்தி வந்தார்கள். சிறு குழுக்களில் கிடைத்த நல்ல முடிவுகளால் எதிர்பார்ப்பு மிகுந்திருந்த நிலையில், 40 நோயாளிகளைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் திசுவை வைத்தும், மறுபாதிக்கு மண்டையோட்டில் துளை மட்டும் இட்டும் அனுப்பினார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்குத் தெரியாது. ஓராண்டு முடிவில், நோயாளிகள் தம் நிலையைத் தாமே மதிப்பிட்டதில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. போதாக்குறைக்கு, திசு பெற்றவர்களில் சுமார் 15 சதவீதத்தினருக்குப் பின்னாளில் கட்டுக்கடங்காத தன்னிச்சை அசைவுகள் தோன்றின. ஏழு பேரின் முடிவைப் படிக்கும் எந்த நரம்பியல் மருத்துவருக்கும் இந்த வரலாறு மனத்தில் ஓடாமல் இருக்காது. தங்கள் கட்டுரையில் அது ஒரு வரியாகவாவது இடம்பெற்றிருக்க வேண்டும்.

கியோட்டோ குழுவுக்கு நியாயம் செய்யும் வகையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். டோபமைன் உற்பத்தியைக் காட்டும் பெட் ஸ்கேன் அளவு, செல்கள் வைக்கப்பட்ட பகுதியில் சராசரியாக 44.7 சதவீதம் உயர்ந்தது; அதிகச் செல்கள் பெற்றவர்களிடம் கூடுதலாகவே உயர்ந்தது. நம்பிக்கையால் ஒரு நோயாளி இரண்டு எட்டு வேகமாக நடக்கலாமே ஒழிய, அளவுக்கேற்ப உயரும் இந்த ஸ்கேன் மாற்றத்தை நம்பிக்கையைக் கொண்டு விளக்குவது கடினம். அயலார் செல்லை உடல் நிராகரிக்காமல் இருக்க டாக்ரோலிமஸ் என்ற மருந்தை 15 மாதங்கள் கொடுத்து நிறுத்திய பின்னரும் செல்கள் நிலைத்திருந்தன என்பதும் குறிப்பிடத்தக்கது. (அந்த மருந்தும் ஜப்பானின் கொடையே, 1984-இல் சுகுபா மலைப்பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து எடுத்தது. உலகெங்கும் சிறுநீரகமும் கல்லீரலும் மாற்றிக்கொண்டவர்கள் இன்று அதைத்தான் விழுங்குகிறார்கள்.) ஆக, செல்கள் உயிரோடு இருக்கின்றன, டோபமைன் தயாரிக்கின்றன என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது. அதனால் நோயாளியின் அன்றாட வாழ்க்கை எவ்வளவு மாறுகிறது என்பதற்குச் சான்று மெலிவானது. இவ்விரண்டையும் வாசகர் தனித்தனியே அறிய வேண்டும்.

கட்டுரை அறவே விட்டுவிட்ட இன்னொரு பக்கம் சட்டம். 2014 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஜப்பானியச் சட்டத் திருத்தத்தின்படி, செல் சிகிச்சை பாதுகாப்பானது, பலன் தரும் என்று ஊகிக்க இடமிருக்கிறது என்ற அளவிலேயே, ஏழாண்டு வரை காலவரம்புடனும் நிபந்தனையுடனும் சந்தைக்கு ஒப்புதல் பெறலாம். பலனை மெய்ப்பிக்கும் தரவை விற்பனைக்குப் பின்னர் திரட்டித் தர வேண்டும். 2025-இல் சுமிட்டோமோ பார்மா நிறுவனம் கியோட்டோ செல்களுக்கு விண்ணப்பித்தது இந்தச் சட்டத்தின் கீழ்தான். ஐபிஎஸ் செல்லால் ஆன இதயத் தசைத் தகட்டுக்கு, எட்டு நோயாளிகளின் தரவோடு, ஒசாகா பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த குவோரிப்ஸ் நிறுவனமும் அதே ஆண்டு விண்ணப்பித்தது.

அந்த ஒசாகா இதய அறுவைத் துறையின் முந்தைய ஆய்விலிருந்து பிறந்ததுதான் ஹார்ட்ஷீட். நோயாளியின் தொடைத் தசையிலிருந்து செல்களை எடுத்து வளர்த்து, தகடாக்கி, பலவீனமான இதயத்தின் மேல் ஒட்டும் சிகிச்சை அது. டெருமோ நிறுவனம் ஏழு நோயாளிகளின் தரவைக் கொண்டு 2015-இல் அதற்கு நிபந்தனை ஒப்புதல் பெற்றது. விற்பனைக்குப் பிந்தைய கண்காணிப்பில் 49 பேரின் தரவு சேர்ந்தது. 2024 ஜூலையில் ஜப்பானிய நலத்துறையின் வல்லுநர் குழு, பலன் மெய்ப்பிக்கப்படவில்லை என்று முடிவு கூறியது. சிகிச்சை சந்தையிலிருந்து விலகியது. ஒப்புதலுக்கும் இந்த முடிவுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். வல்லுநர் குழுவின் முடிவுக்கு ஒரு மாதம் முன்பு, 2019-இல் இதே வகை ஒப்புதல் பெற்றிருந்த கொலாட்டிஜீன் என்ற மரபணு மருந்தும் திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இச்சிகிச்சைகளின் செலவைச் சுமந்தவை ஜப்பானின் பொதுக் காப்பீடும் நோயாளிகளின் பங்குத் தொகையும். பலன் உண்டா என்ற கேள்விக்கு விடை தேடும் செலவு நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதை நோயாளியின் தலையில் ஏற்றும் சட்டத்தை முன்மாதிரி என்று நம்மவர்கள் சிலர் மேடைகளில் புகழ்வது எனக்கு உடன்பாடில்லை.

இதே நேச்சர் இதழில் கியோட்டோ கட்டுரையோடு சேர்ந்தே, அமெரிக்காவிலும் கனடாவிலும் 12 நடுக்குவாத நோயாளிகளுக்குக் கருநிலைக் குருத்தணுவிலிருந்து வளர்த்த செல்களை வைத்துப் பார்த்த ஆய்வும் வெளியாயிற்று. முடிவுகள் ஏறத்தாழ ஒரே தன்மையின. ஆனால் அந்த அணி அடுத்ததாக 2025-இல் தேர்ந்தெடுத்தது, ஒரு பகுதியினருக்குப் போலி அறுவை மட்டும் செய்து ஒப்பிடும் மூன்றாம் கட்டப் பரிசோதனையை. தலையில் துளையிட்டு எதையும் வைக்காமல் அனுப்புவது அறமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். 2001-இன் அனுபவத்துக்குப் பிறகு, ஒப்பீடே இல்லாமல் ஆயிரக்கணக்கானோருக்கு மூளை அறுவை செய்வது அதைவிட அறம் குறைந்தது என்றே நான் கருதுகிறேன்.

ஜப்பானிய ஆய்வாளர்களைக் குறை கூறுவதாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கோபேயில் ஜுன் தகஹாஷியின் மனைவி மசாயோ தகஹாஷி, 2014 செப்டம்பரில் உலகிலேயே முதன்முறையாக ஐபிஎஸ் செல்லால் ஆன விழித்திரைத் தகட்டை எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணியின் கண்ணில் பொருத்த வழிசெய்தார். இரண்டாவது நோயாளிக்கான செல்கள் தயாரான நிலையில், அவற்றில் மரபணு மாற்றங்கள் இருப்பது தெரிந்ததும் அறுவையை நிறுத்திவிட்டு, அதையும் வெளிப்படையாக அறிவித்தார். முதல் நோயாளியின் பார்வை மேம்படவில்லை, மோசமாகவும் இல்லை என்றுதான் 2017 கட்டுரையில் அவர் குழு எழுதியது. உலகமே உற்றுநோக்கிக்கொண்டிருந்த வேளையில் இப்படி எழுதுவதற்கு நேர்மை வேண்டும்.

மற்ற இரண்டு ஆய்வுகளையும் சுருக்கமாகத் திருத்திவிடுகிறேன். ஒசாகாவில் கோஜி நிஷிடா குழு ஐபிஎஸ் செல்லால் ஆன கருவிழிப் படலத்தைப் பொருத்தியது நால்வருக்கு. 2024 நவம்பரில் லான்செட் இதழில் வெளியான முடிவின்படி மூவருக்குப் பார்வை குறிப்பிடத்தக்க அளவு மேம்பட்டு நிலைத்தது, நான்காமவருக்குக் கிடைத்த மேம்பாடு நிலைக்கவில்லை. டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத் தண்டுவட ஆய்விலும் நால்வரே. இருவருக்கு இயக்கம் திரும்பியதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். இவர்கள் காயம்பட்டு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் சிகிச்சை பெற்றவர்கள். அந்தக் கட்டத்தில் ஓரளவு இயற்கையாகவே மீள்பவர்களும் உண்டு. பல ஆண்டுகளாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு இது பொருந்துமா என்பதை இந்த நால்வரைக் கொண்டு சொல்ல முடியாது. கட்டுரையோ அவர்களையும் சேர்த்தே நம்பவைக்கிறது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். இத்தகைய ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது எத்தனை பேர், ஒப்பீட்டுக் குழு இருந்ததா, எவ்வளவு காலம் கண்காணித்தார்கள் என்பதை முதல் பத்தியிலேயே தருமாறு அறிவியல் பகுதிப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிமுறையின்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ரத்த ஆக்கக் குருத்தணு மாற்றைத் தவிர, பிற குருத்தணுச் சிகிச்சைகள் எல்லாம் ஆய்வு நிலையில் உள்ளவை; ஒப்புதல் பெற்ற பரிசோதனைக்கு வெளியே அவற்றைச் சிகிச்சையாக வழங்கக் கூடாது. நடுக்குவாதத்துக்குக் குருத்தணு ஊசி என்று விளம்பரம் செய்யும் நிலையங்களை நாடிச் செல்ல எண்ணும் குடும்பங்களுக்கு, கியோட்டோவில் நடந்ததற்கும் அந்த ஊசிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதைத் தங்கள் நாளிதழ் ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிட வேண்டும். மூன்றாம் கட்டப் பரிசோதனையின் முடிவு வரும் நாளில், அது சாதகமாக இருந்தாலும் பாதகமாக இருந்தாலும், இந்தக் கட்டுரைக்கு ஒதுக்கிய அதே பக்கத்தில் அதே அளவு இடம் அதற்கும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடலியங்கியல் பேராசிரியர்,
தஞ்சாவூர்.