டெங்கு துண்டறிக்கை அச்சிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

மழை பிடித்தால் கோபி, சத்தி, பவானிப் பக்கம் கடைக்குக் கடை உங்கள் துண்டறிக்கை கிடைக்கிறது. சிரட்டை, டயர், தண்ணீர்த் தொட்டி, பப்பாளி இலைப் படம், தட்டணு எண்ணிக்கை எல்லாம் அதில் உண்டு. டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவன். போன ஐப்பசியில் அண்ணன் மகனுக்கு டெங்கு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அமுச்சி இட்லி ஊட்டினார். தட்டணு 90,000 என்றதும் வீடே நிம்மதியானது. எனக்கு மனம் கேட்கவில்லை. நுண்குழாயில் ரத்தம் எடுத்துச் சுழற்றிப் பார்த்தேன். பிசிவி என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் பங்கு, நூற்றுக்கு எவ்வளவு என்ற கணக்கு. மூன்றாம் நாள் 37 இருந்தது, இப்போது 46. மேலே நிற்கும் மஞ்சள் நீர் (பிளாஸ்மா) கண்ணுக்குத் தெரியக் குறைந்திருந்தது. சிவப்பணு கூடவில்லை; நீர்தான் ரத்தக்குழாயை விட்டுப் போயிருந்தது. பிசிவி முன்பிருந்த அளவில் 20 சதவீதம் ஏறினாலே கசிவு என்று கொள்ள வேண்டும்.

கீழ்பவானி வாய்க்கால்காரர்களுக்குக் கசிவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கசிவுநீரில் கிணறு ஊறும். கரை உடைந்தால் வயல் போகும். ரத்தக்குழாயின் கரையைக் காப்பதில் ஒரு கொழுப்புக்குப் பெரிய பங்கு உண்டு: ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட். (ஸ்பிங்கோசினுக்கு 1884இல் பெயர் வைத்தவர் ஸ்பிங்க்ஸின் புதிரை நினைத்தே வைத்தார்.) சிவப்பணுக்கள் அதை ரத்தத்தில் விடுகின்றன, பெரும்பகுதி எச்டிஎல் என்ற 'நல்ல கொழுப்பின்' முதுகில் ஏறிப் போகிறது, குழாயின் உட்சுவர் செல்களை இடைவெளியின்றி நெருங்கி நிற்க வைக்கிறது. பிளாஸ்மாவில் இது இல்லாத எலிகளை வைத்துச் செய்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அவற்றின் குழாய்கள் சும்மாவே கசிந்தன. கரையைத் தளர்த்தும் 'பேஃப்' என்ற இன்னொரு கொழுப்பை உடலில் ஏற்றியதும் அந்த எலிகள் செத்துப்போயின. இயல்பான எலியின் சிவப்பணுக்களை ஏற்றியபோது கசிவு அடங்கியது. டெங்கு முற்றியவர்களின் ரத்தத்திலும் இந்தக் காவல் கொழுப்பு குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த வேதியியலை அச்சிடச் சொல்லவில்லை. டெங்குவுக்கு இதை மருந்தாகத் தருவதுமில்லை. பிசிவியைப் பார்த்துப் பார்த்து அளவாக ஏற்றும் திரவம்தான் சிகிச்சை. பையனும் அப்படித்தான் தேறினான். நான் கேட்பது இவ்வளவுதான்: "காய்ச்சல் விடும் நேரத்தில்தான் கசிவு தொடங்கும்; ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்வு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பிசிவி எவ்வளவு என்று கேளுங்கள்."

இடம் போதவில்லை என்றால் பப்பாளி இலைப் படத்தை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
கோபி வட்டாரத்து ஆய்வுக்கூட ஊழியன்